மூன்றாம் அறையில் இரண்டு அரசாங்கங்கள்

கீலா எனக்கு உறவுமுறையில் அத்தை, பெயர்முறையில் மகள். அவளுடைய அம்மா அலாசுவா செத்துப்போன குளிர்காலத்திலேயே நான் பிறந்ததால் அந்தப் பெயரை எனக்கு வைத்துவிட்டார்கள். எங்களில் பெயர் வந்தால் ஆளும் கூடவே வந்த மாதிரி. ஆணா பெண்ணா என்பதையெல்லாம் பெயர் பார்ப்பதில்லை. தொட்டிலில் கிடந்த என்னைக் குனிந்து பார்த்து, "வந்துட்டியாம்மா?" என்று கீலா கேட்டாளாம். இன்றைக்கு எனக்கு நாற்பது வயதாகிறது, தாடி வேறு இருக்கிறது. கடைவீதியில் நாலு பேர் முன்னால் "அம்மா, அந்த மூட்டையைத் தூக்கிட்டு வா" என்பாள். நானும் "வரேன் மகளே" என்று தூக்கிக்கொண்டு போவேன். அவள் தம்பிதான் என் அப்பா. சின்ன வயதில் நான் என்ன அழிச்சாட்டியம் செய்தாலும், பெற்றவளை எப்படி அடிப்பது என்று அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுவார். அந்த வகையில் எனக்கு லாபம்தான்.

கனடாவின் வடகோடியில் இருக்கிற எங்கள் ஊர் நுவுஜாக்கில் வெளியாள் வந்தால் தங்குவதற்கு ஒரே இடம் கூட்டுறவுச் சங்கத்து விடுதி. அதை நடத்தியவள் கீலா. ஐந்து அறை, பத்துக் கட்டில். அங்கே அறை வாடகைக்குக் கிடையாது, கட்டில்தான் வாடகைக்கு. வருகிற வரிசையில் படுக்கை. ஆம்பளை ஆம்பளையோடு, பொம்பளை பொம்பளையோடு. இதில் பெரியவர் சின்னவர் பேச்சே கிடையாது. ஒருமுறை தெற்கிலிருந்து வந்த பிஷப்பையும், கழிவுநீர் வண்டியை ரிப்பேர் பார்க்க வந்த மெக்கானிக்கையும் ஒரே அறையில் போட்டாள். மறுநாள் காலை பிஷப் வந்து வேறு அறை கேட்டார்.

"ஏன், அவர்கிட்ட நாத்தம் அடிக்குதா?"

"அதெல்லாம் இல்லம்மா. விடிய விடிய கடவுளைப் பத்திக் கேள்வி கேக்கறார். பதில் சொல்லி மாளல."

"அப்ப நீங்க இருக்க வேண்டிய ரூம் அதுதான்" என்று சொல்லிவிட்டாள்.

அவளுடைய சமையலைப் பற்றி நான் பேசக் கூடாது. பெற்றவள் முறையில் இருந்துகொண்டு மகளைக் குறை சொல்வது நன்றாக இருக்காது. சூப் என்று ஒன்று வைப்பாள். அவ்வளவுதான்.

அவள் புருஷன் சகேயுஸ் எதிர்க்கரை ஆள். எங்களுக்கும் கிரீன்லாந்துக்கும் நடுவில் ஒரு கடல்தான். குளிர்காலத்தில் அதுவும் உறைந்து தரையாகிவிடும். சகேயுஸ் இளவட்டமாக இருந்தபோது ஒரு வெள்ளைக் கரடியைத் துரத்திக்கொண்டு நாய்வண்டியில் இந்தப் பக்கம் வந்தான். கரடி தப்பித்துவிட்டது, அவன் மாட்டிக்கொண்டான் என்று கீலா சொல்லுவாள். பாஸ்போர்ட் கிடையாது, விசா கிடையாது. எங்கள் ஊர்ப் போலீஸ்காரருக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. 'சுற்றுலாப் பயணி' என்று எழுதிவிட்டுப் போனார். சகேயுஸ் கல்யாணம் கட்டி, நாலு பிள்ளை பெற்று, பேரன் பார்த்துச் செத்துப்போகிறவரை அரசாங்கக் காகிதத்தில் சுற்றுலாப் பயணியாகவே இருந்தான். "இவ்வளவு நாள் சுத்திப் பாத்தும் ஊர் இவருக்கு அலுக்கலியே" என்று கீலா அவன் அடக்கத்தன்று அழுதுகொண்டே சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அங்கேயும் நாலு பேர் சிரித்துவிட்டார்கள்.

அவனுடைய தங்கை அவியாக் எதிர்க்கரையில்தான் இருக்கிறாள். நாத்தனாரும் அண்ணியும் தினமும் தேநீர் நேரத்தில் சிற்றலை வானொலியில் பேசிக்கொள்வார்கள். அண்ணன் போன பிறகும் அந்தப் பேச்சு நிற்கவில்லை. பேச்சு என்றால் முக்கால்வாசி சண்டை.

இரண்டு கரைக்கும் நடுவில் ஒரு பாறைத் தீவு இருக்கிறது. கனடா அதற்கு ஒரு கடற்படைத் தளபதியின் பெயரை வைத்திருந்தது. கிரீன்லாந்தை ஆளும் டென்மார்க் ஓர் இளவரசரின் பெயரை வைத்திருந்தது. நாங்கள் அதை அனக்தாலிக் என்போம். கடற்பறவைகள் உட்கார்ந்து உட்கார்ந்து வெள்ளையடித்து வைத்திருக்கும் இடம். பெயருக்குப் பொருளும் அதுதான், நாசூக்காகச் சொன்னால் எச்சப் பாறை. இந்தப் பாறை யாருடையது என்று இரண்டு அரசாங்கமும் பல வருடமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தன. ஒரு கோடையில் இவர்கள் போய்க் கொடி நட்டால், மறு கோடையில் அவர்கள் போய்ப் பிடுங்கி மடித்து, மரியாதையாகத் தபாலில் திருப்பி அனுப்பிவிட்டுத் தங்கள் கொடியை நடுவார்கள்.

தலைநகரத்தில் புது மந்திரி வந்தால் புது வடதுருவக் கொள்கை வரும். கொள்கையைச் சொல்ல ஒரு கூட்டம் விமானத்தில் வரும். கூட்டம் வந்தால் ஊருக்கெல்லாம் கொள்கையின் பெயர் போட்ட தொப்பி கிடைக்கும். 'நமது வடக்கு, நமது வலிமை' என்றிருந்த தொப்பியை என் அப்பா மீன் பிடிக்கப் போட்டுக்கொள்வார். 'வடக்கோடு கைகோத்து' என்றிருந்ததைக் கீலா காப்பிக் கெண்டியின் மேல் கவிழ்த்து வைத்திருந்தாள், சூடு ஆறாது. எங்கள் ஊர் கேட்டதென்னவோ ஒரு படகுத்துறைதான். கோடையில் சரக்குக் கப்பல் வந்தால் கரையில் ஒதுங்க இடமில்லாமல் மூட்டைகளைத் தண்ணீரில் நின்று இறக்குகிறோம். அதைக் கேட்டால் குறித்துக்கொள்வார்கள். பிறகு தொப்பி கொடுப்பார்கள்.

ஒரு வசந்தத்தில், பாறை விவகாரத்தைப் பேசித் தீர்க்க இரண்டு நாட்டுத் தூதுக்குழுவும் நுவுஜாக்குக்கே வருவதாக முடிவாயிற்று. பாறைக்குக் கிட்டத்தில் இருக்கும் ஊர் என்பதால் புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும் என்று யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். காலையில் வந்து, பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில் கூட்டம் போட்டு, விருந்து சாப்பிட்டு, படம் எடுத்துக்கொண்டு, அன்றைக்கே பறந்துவிடுவதாகத் திட்டம். விமானம் இறங்கியது. அதன் பின்னாலேயே பனிப்புயலும் இறங்கியது. விமானி வானத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, விருந்துக்குக்கூட நிற்காமல், வண்டியைக் கயிறு போட்டுக் கட்டுவதற்குப் போய்விட்டார்.

ஆக, எல்லாரும் கீலாவின் வாசலுக்கு வந்தார்கள்.

கனடாக் குழுவின் தலைவர் பெயர் ஃபேர்லி. நெட்டையாக, எப்போதும் யாரிடமோ மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு இருந்தார். டென்மார்க் தூதர் பெயர் ஸ்கோவ். குட்டையாக, உருண்டையாக, சிவந்த கன்னத்தோடு இருந்தார். வாசலில் இருவரும் ஒருவரையொருவர் "நீங்க முதல்ல", "இல்ல, நீங்க முதல்ல" என்று உபசரித்துக்கொண்டு நின்றதில் பனி உள்ளே கொட்டியது. கீலாவுக்குக் கதவு திறந்து கிடந்தால் ஆகாது.

"ரெண்டு பேரும் சேர்ந்தே வாங்க!" என்று கத்தினாள். சேர்ந்தே வந்தார்கள், தோள் முட்டியது. "சேர்ந்து வந்தவங்களுக்குச் சேர்ந்து ரூம். மூணாம் நம்பர்."

ஃபேர்லியின் செயலாளர் ஓடி வந்தார். கண்ணாடியெல்லாம் பனி. "அம்மா, அது முடியாது. இவங்க எதிரெதிர்த் தரப்பு. ரகசியப் பேப்பர் எல்லாம் இருக்கு."

"பேப்பரை என் குளிர்பெட்டியில வெச்சுக்கறேன்."

"அதுக்கெல்லாம் சீல் வெச்சிருக்கும்மா!"

"என் பெட்டியிலயும் சீல்தான் வெச்சிருக்கு. என் தம்பி சுட்டது" என்றாள் கீலா. "அதுக்கு அடியில போட்டா யாரும் கை வைக்க மாட்டாங்க."

அப்படியே கனடா நாட்டின் பேச்சுவார்த்தை உத்தி முழுவதும் சீல் என்கிற கடல்நாயின் இறைச்சிக்கு அடியில் போய்ப் படுத்தது. கொஞ்ச நேரம் கழித்து டென்மார்க்காரர்களும் தங்கள் பையைத் தயங்கித் தயங்கி நீட்டினார்கள். அதையும் அதே இறைச்சிக்கு அடியில் தள்ளி மூடினாள்.

நான் அப்போது ஊர் வானொலியில் வேலை பார்த்தேன். வானொலி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம்: ஒரு சிறிய அறை, ஒரு மைக், ஒரு தொலைபேசி. தொலைந்த கையுறை, பிறந்தநாள் வாழ்த்து, புருஷன் மேல் புகார், எது வேண்டுமானாலும் யார் வேண்டுமானாலும் கூப்பிட்டுச் சொல்லலாம். புயல் அடித்தால் வேறு வேலை இல்லை, ஊரே காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும். கீலா விடுதியிலிருந்து கூப்பிட்டாள்.

"அம்மா, நான் பேசறேன். எல்லாரும் கேளுங்க. ரெண்டு பேரும் பகல் தூக்கம் போடப் படுத்தாங்க. டென்மார்க்காரருக்கு ஜன்னல் திறந்திருந்தாத்தான் தூக்கம் வருமாம். கனடாக்காரருக்கு ஜன்னல் திறந்தா இருமல் வருதாம். ரெண்டும் என் தலைய உருட்டுதுங்க. யாராவது ஒரு நல்ல கயிறு இருந்தா குடுத்து அனுப்புங்க."

"கட்டிப்போடப் போறியா மகளே?" என்று கேட்டேன்.

"அதையும் யோசிச்சேன்."

நான் வானொலியைப் பாட்டுக்கு விட்டுவிட்டுக் கயிற்றோடு விடுதிக்குப் போனேன். மூன்றாம் அறையில் சத்தம் வெளியே கேட்டது. ஸ்கோவ், திறந்த ஜன்னல் தன்னுடைய நாட்டில் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் வழக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஃபேர்லி, ஹீட்டருக்கு எண்ணெய் ஊற்றுவது கனடா நாட்டு வரிப்பணம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இருவரும் கால்வரை நீண்ட உள்ளாடையில் நின்றார்கள். ஜன்னல் வழியே வந்த பனி நடுத்தரையில் சின்னக் குவியலாகக் கிடந்தது. எதிரும் புதிருமாக அதன் இரண்டு பக்கமும் அவர்கள்.

கீலா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. இரண்டு சுவரிலும் ஆணி அடித்தாள், கயிற்றைக் கட்டினாள், சகேயுஸின் பழைய சாம்பல் நிறக் கம்பளிப் போர்வையை அதன்மேல் போட்டாள். கீழே இரண்டு முனையிலும் டின் டப்பா வைத்துக் காற்று போகாமல் அடைத்தாள்.

"ஜன்னல் பக்கம் உனக்கு. பனி கொட்டினா நீயே அள்ளு. ஹீட்டர் பக்கம் உனக்கு. வேர்த்தா நீயே துடைச்சுக்கோ. கதவு ரெண்டு பேருக்கும் பொது. போதுமா?"

போர்வையின் அந்தப் பக்கத்திலிருந்து "போதும்" என்றது ஒரு குரல். இந்தப் பக்கத்திலிருந்து "சரிங்கம்மா" என்றது இன்னொன்று.

அன்று மாலைத் தேநீர் நேரத்தில் கீலா வழக்கம்போல் நாத்தனாரைச் சிற்றலையில் கூப்பிட்டாள். புயலில் பாதி வார்த்தை கரகரவென்று போய்விடும். எங்கள் பேச்சும் அவர்கள் பேச்சும் ஒரே மொழிதான் என்றாலும் அவியாக் ஒவ்வொரு சொல்லையும் திருத்துவாள். அதிலேயே பாதி நேரம் போகும்.

"அவியாக்! கேக்குதா? சண்டை தீந்துச்சுடி!"

"எந்தச் சண்டை?"

"உங்க டென்மார்க்காரரும் எங்க ஆளும் போட்ட சண்டைதான். நடுவுல பிரிச்சாச்சு. பாதி அவருக்கு, பாதி இவருக்கு. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாங்க!"

"அடி ஆத்தி! நெஜமாவா? யாரு பிரிச்சா?"

"நான்தான்!"

அதற்குமேல் கரகரப்பு. அவியாக்குக்கு ஜன்னலும் தெரியாது, ஹீட்டரும் தெரியாது. டென்மார்க்காரரும் கனடாக்காரரும் எதற்காக அங்கே வந்தார்கள் என்பது மட்டும் தெரியும். அவள் கடைக்குப் போய்ச் சொன்னாள். கடையில் இருந்தவர் மருமகனிடம் சொன்னார். மருமகன் பத்திரிகையில் வேலை பார்க்கிறவன். நாங்கள் இரண்டாவது நாள் உறைந்த மீனைச் சீவிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், பல வருடச் சர்ச்சை முடிந்தது, தீவு இரண்டாகப் பிரிக்கப்பட்டது என்று ஐரோப்பா முழுக்கச் செய்தி வந்துவிட்டது. எங்களுக்கு மட்டும் தெரியாது.

விடுதிக்குள் அதற்குள் வேறு மாதிரி ஆகியிருந்தது. போர்வை கட்டியதிலிருந்து இருவருக்கும் மனஸ்தாபம் போய்விட்டது. முகம் தெரியாமல் பேசுவது சுலபம் போலிருக்கிறது. இந்தப் பக்கமிருந்து ஃபேர்லி தன் முட்டிவலியைப் பற்றிச் சொல்ல, அந்தப் பக்கமிருந்து ஸ்கோவ் ஒரு தைலம் சிபாரிசு செய்வது சாப்பாட்டு அறைவரை கேட்டது. பகலில் கீலாவோடு சீட்டு விளையாடினார்கள். கீலா கூச்சமில்லாமல் ஏமாற்றுவாள். ஸ்கோவ் கண்டுபிடித்துவிட்டு ரசித்தார். ஃபேர்லி கண்டுபிடிக்கவேயில்லை; தனக்குத்தான் விளையாட வரவில்லை என்று அவளிடமே மன்னிப்புக் கேட்டார்.

அப்படி ஒரு ஆட்டத்தின் நடுவில் ஃபேர்லி உணர்ச்சிவசப்பட்டார். "உங்களுக்கு ஒண்ணு சொல்லணும்மா. இந்த நிலம் நம்மளோடதுன்னு உலகத்துக்கிட்ட நாங்க சொல்ல முடியறதே உங்க மக்கள் இங்க வாழறதாலதான்."

கீலா சீட்டைக் கீழே வைத்தாள். என் பக்கம் திரும்பினாள். "கேட்டியா அம்மா? அதுக்காகத்தான் உன்னைக் கப்பல்ல ஏத்தினாங்களாம்."

ஃபேர்லி என் தாடியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். நான் பெயர் விஷயத்தைச் சொன்னேன். அப்புறம் கப்பல் விஷயத்தையும் சொன்னேன். எங்கள் சனம் இந்த ஊர்க்காரர்கள் அல்ல. தெற்கே வெகு தூரத்தில், புதர் முளைக்கிற, பெர்ரி பழுக்கிற கரையில் இருந்தவர்கள். அங்கே வேட்டை குறைவு, வடக்கே நிறைய என்று சொல்லி அரசாங்கம் கப்பலில் ஏற்றி இந்தக் கரையில் இறக்கிவிட்டது. அப்போது கீலா, என் பாட்டி அலாசுவாவின்... அதாவது என்னுடைய வயிற்றில் இருந்தாள். ஆள் இல்லாத கரையில் ஆளை வைத்தால் கொடி நட்ட மாதிரி என்பது அவர்கள் கணக்கு. அது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

"பிடிக்கலேன்னா திருப்பிக் கூட்டிட்டுப் போறதா சொன்னாங்களா?" என்று ஸ்கோவ் கேட்டார்.

"ரெண்டு வருஷத்துல வரோம்னு சொன்னாங்க" என்றாள் கீலா.

"வந்தாங்களா?"

"இன்னும் ரெண்டு வருஷம் ஆகல போல." பிறகு என்னிடம், "ஏம்மா, அந்தக் கப்பல்ல ஏன்தான் ஏறினே? ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

குளிர் அதிகமான நாளில், படகு உடைந்த நாளில், சகேயுஸ் செத்த நாளில் எல்லாம் அவள் என்னிடம் இதைக் கேட்டிருக்கிறாள். நானும் வழக்கமான பதிலைத்தான் சொன்னேன்: "தெரியாம ஏறிட்டேன் மகளே. போலீஸ்காரர் கூட நின்னார், வேண்டாம்னு சொல்ல வாய் வரல."

ஃபேர்லி தொப்பியைக் கழற்றினார். கொள்கைத் தொப்பி அது. அதைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார். கீலா அவருக்கு இன்னொரு கிண்ணம் சூப் ஊற்றினாள். அது பரிவா தண்டனையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் புயல் கொஞ்சம் அடங்கி, ஃபேர்லியின் செயற்கைக்கோள் தொலைபேசிக்கு உயிர் வந்தது. வந்த உடனே அலறியது. அவர் சாப்பாட்டு அறையிலேயே எடுத்தார். மந்திரியின் குரல் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"யாரைக் கேட்டுய்யா பாதியக் குடுத்தே?"

"எதுல பாதி சார்?"

"எதுல பாதியா? நடுவுல பிரிச்சதா ஊரே சொல்லுது!"

"ஆமா சார், பிரிச்சோம். வேற வழியில்ல. அவர் ஜன்னலைத் திறந்துட்டார்."

"எந்த ஜன்னல்?"

"மூணாம் நம்பர் ரூம் ஜன்னல் சார்."

 "ரூமா?" என்று கேட்டது மறுமுனை, மிகவும் சின்னக் குரலில்.

"ரூம்தான் சார். போர்வை போட்டு."

ஃபேர்லி கேட்டுக்கொண்டே போக அவர் முகம் நீளமாகிக்கொண்டே போனது. நடந்தது இது: பத்திரிகைக்காரர்கள் மந்திரியை மடக்கிக் கேட்டபோது, தனக்குத் தெரியாமல் நடந்தது என்று ஒத்துக்கொள்ள வெட்கப்பட்டு, "என் நேரடி வழிகாட்டுதலில் கிடைத்த மாபெரும் வெற்றி" என்று அறிக்கை விட்டுவிட்டார். ஜனங்கள் கைதட்டிவிட்டார்கள். இனி வாபஸ் வாங்க முடியாது. அடுத்து ஸ்கோவின் தொலைபேசி அடித்தது. அவர் தங்கள் மொழியில்தான் பேசினார், ஆனாலும் முகம் அதே அளவுக்கு நீண்டது. அங்கேயும் மந்திரி வெற்றி அறிவித்திருந்தார்.

இருவரும் தொலைபேசியைக் கீழே வைத்தார்கள். ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஸ்கோவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. உருண்டை உடம்பு முழுக்கக் குலுங்கி, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஃபேர்லி இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டு அவரும் சிரித்தார்.

"யாரு இதை வெளிய சொன்னது?" என்று செயலாளர் பல்லைக் கடித்தார்.

"நான்தான்" என்றாள் கீலா. "நாத்தனார்கிட்ட சொன்னேன். அவகிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்றது?"

"என்ன சொன்னீங்க?"

"பாதி பாதின்னு சொன்னேன். பொய்யா?"

வேறு வழியில்லாமல் வரைபடத்தைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துச் சாப்பாட்டு மேசையில் விரித்தார்கள். ஓரத்தில் சீல் கொழுப்பு ஒட்டியிருந்தது. கோட்டை எங்கே போடுவது என்று கீலாவிடமே யோசனை கேட்டார்கள். கீலா கையை உதறினாள். "நான் ரூமைத்தான் பிரிச்சேன். பாறை விஷயமெல்லாம் எனக்கு வேண்டாம். சீக்கிரம் மேசையக் காலி பண்ணுங்க, நாலு பேருக்குச் சாப்பாடு வைக்கணும்." அடிக்கோல் இல்லாததால் தேயிலைப் பெட்டியை வைத்து ஃபேர்லி பென்சிலால் இழுத்தார். மேசையில் கீலா வருடக்கணக்காக உறைந்த இறைச்சி வெட்டிய பள்ளம் ஒன்று உண்டு. பென்சில் அதில் இறங்கி ஏறியதில் கோட்டின் நடுவே ஒரு சின்னக் கோணல் விழுந்தது. அழித்துப் போடலாம் என்றார் ஃபேர்லி. சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது என்றாள் கீலா. கோணல் அப்படியே நின்றுவிட்டது. பிறகு இரண்டு நாட்டு வக்கீல்களும் அந்தக் கோணலுக்கு நிலவியல் காரணம், வரலாற்றுக் காரணம், பறவைகளின் நலன் என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதியதாக ஸ்கோவ் பின்னால் எனக்குச் சொன்னார்.

அவர்கள் போன சில வாரத்தில் பாதுகாப்பு இலாகாவிலிருந்து ஒருத்தர் வந்தார். ரகசியம் எப்படிக் கசிந்தது என்று விசாரிக்க வேண்டுமாம். அவருக்கும் கட்டில்தான் கிடைத்தது, அதே கழிவுநீர் வண்டி மெக்கானிக்கோடு. வண்டி மறுபடி படுத்திருந்தது. அதிகாரி கீலாவை உட்கார வைத்துக் கேட்டார்: "எதிர்த்தரப்போட உங்களுக்குத் தொடர்பு இருக்கா?"

"இருக்கு. நாலு பிள்ளை பெத்திருக்கேன்" என்றாள்.

மறுநாள் அவர் ஊருக்குப் போகிறவரை மெக்கானிக் அவரிடம், அரசாங்கம் என்று ஒன்று இருப்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் விழா தலைநகர் ஆட்டவாவில் நடந்தது. வடக்கு மக்களின் பிரதிநிதி என்று கீலாவைக் கூப்பிட்டார்கள். விடுதியில் அரைகுறை ஆங்கிலத்தில் சமாளிக்கிறவள், மேடையில் எங்கள் மொழியில்தான் பேசுவேன் என்றதால் மொழிபெயர்க்க நானும் போனேன். அவளுக்குப் பெரிய ஹோட்டலில் ஒரு முழு அறை கொடுத்தார்கள். பெரிய கட்டில், பக்கத்தில் ஆள் இல்லை. படுத்துப் பார்த்துவிட்டு வரவேற்பறைக்கு இறங்கிப் போய், இன்னொரு பொம்பளை யாராவது வந்தால் தன் அறைக்கு அனுப்பச் சொல்லிவிட்டு வந்தாள். யாரும் வரவில்லை. கடைசியில் என் அறைக்கு வந்து சோபாவில் படுத்துக்கொண்டாள். "அம்மா பக்கத்துல படுக்கறதுல என்ன தப்பு" என்றாள்.

விழாவில் மந்திரி நீளமாகப் பேசினார். வடதுருவம் பகைமையின் களமல்ல, பங்கிட்டு வாழும் வீடு என்றார். கைதட்டல். கீலாவை மேடைக்கு அழைத்து, நாட்டுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று மைக்கைக் கொடுத்தார். அவளுக்கு மைக் புதிதல்ல.

"எங்க ஊருக்குப் படகுத்துறை எப்ப கட்டுவீங்க?"

நான் அப்படியே மொழிபெயர்த்தேன். மந்திரி சிரித்துக்கொண்டே, அது குறித்து ஓர் ஆய்வு தொடங்கப்படும் என்றார். ஆய்வு இன்னமும் நடக்கிறது. ஊருக்கு உயரமான ஒரு கொடிக்கம்பம் வந்தது. தொப்பியும் வந்தது.

ஸ்கோவ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் தபாலில் ஒரு வாத்திறகுத் தலையணை அனுப்பினார். ஃபேர்லி ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஊர் வானொலிக்குத் தொலைபேசி செய்து, எங்கள் மொழியில் கற்றுக்கொண்ட ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லுவார். "சூப் நன்றாக இருந்தது" என்பது அந்த வாக்கியம். ஊர் முழுக்கச் சிரிக்கும். கீலாவுக்கு மட்டும் பெருமை தாங்காது.

ஒப்பந்தம் முடிந்த மறு வருடம் கோடை தொடங்கி, கடலின் மேல் பனி இன்னும் வண்டி தாங்குகிற நேரத்தில் கீலாவும் நானும் பனிவண்டியில் அந்தப் பாறைக்குப் போனோம். கடல் வாத்துகள் முட்டையிடும் காலம். எதிர்க்கரையிலிருந்து அவியாக் தன் பேரனின் வண்டியில் வந்திருந்தாள். பாறையின் உச்சியில் கோணல் கோட்டை நெடுகக் காட்டும் செப்புத் தகடுகள் அடித்திருந்தார்கள். வாத்துகளுக்கு என்ன தோன்றியதோ, அந்த வருடம் எல்லாக் கூடும் டென்மார்க் பக்கத்தில் இருந்தது. எங்கள் பக்கம் எச்சம் மட்டும்தான்.

கீலா வாளியோடு தகட்டைத் தாண்டினாள்.

"நில்லுடி அண்ணி! பாஸ்போர்ட் எங்க?" என்று அவியாக் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"உங்க அண்ணன் வர்றப்ப கொண்டாந்தானா?"

"அவன் கரடி துரத்திட்டு வந்தான். நீ முட்டை திருட வந்திருக்கே."

"நான் சுத்திப் பாக்க வந்திருக்கேன். சுற்றுலாப் பயணின்னு எழுதிக்கோ."

அவியாக் இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். பிறகு இருவரும் சேர்ந்து பொறுக்கினார்கள், ஒரே வாளியில். ஸ்டவ் பற்றவைத்து முட்டையை வேகவைத்தேன். சகேயுஸுக்கு வேகவைத்த முட்டையின் மஞ்சள் பிடிக்காது, யாரும் பார்க்காதபோது நாய்க்குப் போட்டுவிடுவான் என்று அவியாக் சொன்னாள். கீலாவுக்கு அது தெரியாது. அத்தனை வருடம் அவனுக்கு மஞ்சள் பெரிதாக இருக்கும் முட்டையாகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்திருக்கிறாள். கையிலிருந்த முட்டையை உரிப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் நாத்தனாரையே பார்த்தாள். அப்புறம், "அந்த நாய் ஏன் அப்படிக் கொழுத்துச்சுன்னு இப்பத்தான் புரியுது" என்றாள்.

காற்று திரும்பியது. பனி பிளந்து விலகுவதற்குள் போக வேண்டும் என்று நான் அவசரப்படுத்தினேன். அவர்கள் இருவரும் தகட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த நாயின் பெயர் என்ன என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.